சிவப்பணுச் சவ்வும் ஆக்சிஜனேற்றச் சேதமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரத்தவியல் ஆய்வகத்தில் நுண்ணோக்கி முன் உட்கார்ந்தே என் வேலைநாட்கள் கழிகின்றன. பயிற்சிக்கு வரும் மாணவர்களும், அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் நோயாளிகளின் உறவினர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். இவற்றில் பாதிக் குழப்பம் 'மூப்பு' என்ற ஒரே சொல்லிலிருந்து வருகிறது. சிவப்பணுவின் மூப்பு வேறு, அதைச் சுமக்கும் மனிதரின் மூப்பு வேறு. இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டால் மீதி எளிதாகப் புரியும்.

சிவப்பணுவுக்கு வயது உண்டா? அது எத்தனை நாள் உயிரோடு இருக்கும்?

ஏறக்குறைய 120 நாள். இதை முதன்முதலில் துல்லியமாக அளந்த விதம் எனக்கு மிகவும் பிடித்த கதை. அமெரிக்க உயிர்வேதியியலாளர் டேவிட் ஷெமின், நைட்ரஜன்-15 என்ற கனமான ஐசோடோப்பு சேர்ந்த கிளைசின் என்ற அமினோ அமிலத்தைத் தயாரித்து, மூன்று நாளில் 66 கிராம் வரை தானே உட்கொண்டார். உடல் அந்தக் கிளைசினை எடுத்து, ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினில் இரும்பைத் தாங்கும் ஹீம் பகுதியைக் கட்டியது. அந்த நாட்களில் பிறந்த சிவப்பணுக்கள் மட்டும் அடையாளம் பூசியவை போல ஆகிவிட்டன. பிறகு மாதக்கணக்கில் தன் இரத்தத்தை எடுத்து எடுத்து அளந்தார். அடையாளம் சில வாரங்களில் உயர்ந்து, அப்படியே நின்று, நான்காம் மாதவாக்கில் இறங்கத் தொடங்கியது. ஷெமினும் டேவிட் ரிட்டன்பெர்க்கும் 1946-இல் வெளியிட்ட கட்டுரையில் சராசரி ஆயுள் 127 நாள் என்று கணக்கிட்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, அடையாளம் நாளுக்கு நாள் சீராகத் தேயவில்லை என்பதுதான். வெகுநாள் நின்று, பிறகு இறங்கியது. அதாவது சிவப்பணுக்கள் குலுக்கல் முறையில் சாவதில்லை. வயதாகி, வயதானது கண்டறியப்பட்டு, அதன் பிறகே நீக்கப்படுகின்றன. அந்த வயது எதில் பதிவாகிறது? பெரும்பகுதி அதன் சவ்வில்தான்.

மற்ற செல்கள் தங்களைப் பழுதுபார்த்துக்கொள்கின்றனவே, சிவப்பணுவால் ஏன் முடியாது?

எலும்பு மஜ்ஜையை விட்டு வெளியேறும்போதே சிவப்பணு தன் உட்கருவைத் தள்ளிவிடுகிறது. இரத்தத்துக்கு வந்த ஓரிரு நாளில் மிச்சமிருக்கும், புரதம் செய்யும் ரைபோசோம்களும் ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவும் போய்விடும். அதன்பின் ஒரு புதிய புரதத்தைக்கூட அதனால் செய்துகொள்ள முடியாது. பிறந்த அன்று கையில் என்ன இருந்ததோ அதை வைத்தே நான்கு மாதம் ஓட்ட வேண்டும். உடைந்தால் உடைந்ததுதான். சில சேதங்களை மட்டும் அதனிடமுள்ள நொதிகள் சரிசெய்யும். ஆனால் அந்த நொதிகளும் நாளாக நாளாகத் தேய்கின்றன.

இடம் முழுவதையும் ஹீமோகுளோபினுக்கு ஒதுக்கியதற்குக் கொடுத்த விலை இது. ஒரு சிவப்பணுவுக்குள் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன.

ஆக்சிஜனேற்றச் சேதம் எங்கிருந்து வருகிறது? புகை, மாசு, மருந்து போன்ற வெளிக் காரணங்களா?

அவையும் உண்டு. ஆனால் முதல் காரணம் உள்ளேயே இருக்கிறது. சிவப்பணு சுமக்கும் சரக்கே அதன் எதிரியும்கூட. ஆக்சிஜனையும் இரும்பையும் ஒரே பையில் போட்டு அடைத்து வைத்திருக்கிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு, ஆக்சிஜனைப் பிடித்து, திசுக்களில் அப்படியே விட்டுவிட வேண்டும். கிட்டத்தட்ட எப்போதும் அப்படித்தான் நடக்கிறது. எப்போதாவது ஒரு முறை, ஆக்சிஜன் கிளம்பும்போது இரும்பிடமிருந்து ஒரு எலக்ட்ரானையும் பறித்துக்கொண்டு போகிறது. இப்படி எலக்ட்ரானை இழப்பதுதான் ஆக்சிஜனேற்றம். எலக்ட்ரானை இழந்த ஹீமோகுளோபின் மெத்ஹீமோகுளோபின் ஆகிறது. அதனால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது. எலக்ட்ரானோடு போன ஆக்சிஜன் சூப்பராக்சைடு என்ற ஃப்ரீ ராடிக்கலாக, அதாவது இணையில்லாத எலக்ட்ரானைக் கொண்டு மற்றவற்றோடு எளிதில் வினைபுரியும் மூலக்கூறாக, மாறுகிறது. ஒரு நாளில் மொத்த ஹீமோகுளோபினில் 0.5 முதல் 3 சதவீதம் வரை இப்படித் தானாகவே ஆக்சிஜனேற்றம் அடைகிறது. சதவீதம் சிறியதாகத் தெரியலாம். 27 கோடியில் ஒரு சதவீதம் என்றால் 27 லட்சம். ஒரே செல்லுக்குள், ஒரே நாளில்.

துணியில் பட்ட இரத்தக்கறை முதலில் சிவப்பாக இருந்து, காயக் காயப் பழுப்பாவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பழுப்பில் பெரும்பங்கு மெத்ஹீமோகுளோபின்தான். உடலுக்குள்ளும் அதே வேதிவினை நடந்துகொண்டே இருக்கிறது. உயிருள்ள செல் அதை உடனுக்குடன் திருப்பிவிடுவதால் ஆரோக்கியமானவரின் இரத்தத்தில் மெத்ஹீமோகுளோபின் 1 சதவீதத்தைத் தாண்டுவதில்லை.

சவ்வு என்பது வெறும் உறையா?

உறை என்று நினைத்தால் பாதிதான் புரியும். இரண்டு அடுக்குக் கொழுப்பும், அதில் பதிந்த புரதங்களும், அடியில் வலைபோலப் பின்னிய ஸ்பெக்ட்ரின் என்ற இழைப்புரதமும் சேர்ந்ததுதான் சிவப்பணுச் சவ்வு. செல் சவ்வுகள் இரண்டு அடுக்குக் கொழுப்பால் ஆனவை என்று நாம் அறிந்ததே சிவப்பணுவை வைத்துத்தான். 1925-இல் கோர்ட்டர், கிரென்டல் என்ற இரண்டு நெதர்லாந்து ஆய்வாளர்கள் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்து, நீரின் மேல் ஒற்றை அடுக்காகப் பரப்பி அளந்தார்கள். செல்களின் மேற்பரப்பைப் போல இரு மடங்கு பரப்பு கிடைத்தது.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். ஒரு சிவப்பணுவின் கொள்ளளவு சுமார் 90 கன மைக்ரான். அதை ஒரு உருண்டைக்குள் அடைக்க 97 சதுர மைக்ரான் பரப்பு போதும். ஆனால் அதனிடம் சுமார் 140 சதுர மைக்ரான் சவ்வு இருக்கிறது. இந்த உபரிச் சவ்வுதான் அதை நடுவில் குழிந்த தட்டு வடிவில் வைத்திருக்கிறது. தன்னைவிட ஒடுங்கிய குழாயில் மடிந்து நுழைந்து, மறுபக்கம் பழைய வடிவத்துக்கே திரும்பும் திறனும் இதனால்தான். உபரி குறையக் குறைய வளையும் திறனும் குறையும். கீழே வரப்போகும் பதில்கள் எல்லாவற்றுக்கும் இதுவே அடிப்படை.

ஃப்ரீ ராடிக்கல் சவ்வின் கொழுப்பை என்ன செய்கிறது?

எண்ணெய் காறிப்போவதும் இதுவும் ஒரே வேதியியல். சவ்வின் கொழுப்பு அமிலங்களில் பல இரட்டைப் பிணைப்புகள் கொண்டவை. அரக்கிடோனிக் அமிலம் ஒரு நல்ல உதாரணம். இரட்டைப் பிணைப்புகள் இருப்பதால்தான் சவ்வு இளகி நிற்கிறது. அவை இருப்பதால்தான் எளிதில் தாக்கவும்படுகிறது. இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவில் இருக்கும் ஹைட்ரஜன் அணுவைப் பிடுங்குவது ஒரு வீரியமான ராடிக்கலுக்குச் சுலபம். பிடுங்கப்பட்ட கொழுப்பு அமிலம் தானே ராடிக்கலாகி, ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு, பக்கத்திலிருக்கும் கொழுப்பு அமிலத்திடமிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கும். அது அடுத்ததிடம். ஒரு தீக்குச்சி போதும், வரிசை பற்றிக்கொள்ளும்.

இந்தத் தொடரை அறுப்பது வைட்டமின் ஈ. அது கொழுப்பில் கரைவது, சவ்வுக்குள்ளேயே குடியிருப்பது. தன் ஹைட்ரஜனைக் கொடுத்து ராடிக்கலை அணைத்துவிட்டு, தான் ஒரு சாதுவான ராடிக்கலாக நின்றுவிடும். நீர்ப்பகுதியில் இருக்கும் வைட்டமின் சி அதை மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவரும். சவ்வில் வைட்டமின் ஈ குறைந்தால் என்ன ஆகும் என்பதைக் குறைமாதக் குழந்தைகளிடம் மருத்துவர்கள் 1960-களில் நேரடியாகப் பார்த்தார்கள். சிவப்பணுக்கள் சிதைந்து இரத்தசோகை வந்தது. அந்தக் காலப் பரிசோதனையும் எளிமையானது. நீர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடில் சிவப்பணுக்களை விட்டு வைப்பார்கள். வைட்டமின் ஈ போதுமான அளவு இருந்தால் கலங்கலாகவே இருக்கும். இல்லாவிட்டால் செல்கள் வெடித்துத் திரவம் தெளிந்த சிவப்பாகிவிடும்.

தொடர்வினையின் முடிவில் மலோன்டையால்டிஹைடு போன்ற துண்டுகள் மிஞ்சும். இவை சும்மா இருப்பதில்லை; பக்கத்துப் புரதங்களைக் கோத்துப் பிணைத்து, சவ்வை விறைப்பாக்குகின்றன.

புரதங்களுக்கு என்ன ஆகிறது?

கொழுப்பைவிட இங்கேதான் விஷயம் ஆழமானது என்பது என் கருத்து. கொழுப்பு காறுவதைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். சிவப்பணுவின் கடைசி நாளைத் தீர்மானிப்பதில் முக்கியமான இடம் 'பேண்ட் 3' என்ற புரதத்துக்கு இருக்கிறது.

ஒரு செல்லின் சவ்வில் பேண்ட் 3 சுமார் 10 லட்சம் பிரதிகள் இருக்கும். பைகார்பனேட்டையும் குளோரைடையும் மாற்றிக்கொள்ளும் வாசல் அதுதான். கார்பன் டை ஆக்சைடை இரத்தம் சுமக்க முடிவது அதனால்தான். அதே புரதத்தின் வால் செல்லுக்குள் நீட்டிக்கொண்டு, அடியிலுள்ள ஸ்பெக்ட்ரின் வலையைச் சவ்வோடு கட்டிவைக்கும் முளையாகவும் இருக்கிறது.

ஆக்சிஜனேற்றம் மெத்ஹீமோகுளோபினோடு நிற்காமல் இன்னும் ஒரு படி போனால், ஹீமோகுளோபின் உருக்குலைந்து ஹீமிக்ரோம் என்ற நிலையை அடைகிறது. ஹீமிக்ரோம் போய் ஒட்டுவது பேண்ட் 3-இன் வாலில். ஒட்டியவை ஒன்றோடொன்று சேர்ந்து கட்டியாகும்போது, பரவலாக இருந்த பேண்ட் 3-களையும் ஒரே இடத்துக்கு இழுத்துக் கொத்தாக்கிவிடுகின்றன. வெளியே இருந்து பார்த்தால், சீராக இருந்த மேற்பரப்பில் அங்கங்கே திட்டுகள். இந்தத் திட்டுகளுக்குத்தான் நம் இரத்தத்தில் இயல்பாகவே ஓடிக்கொண்டிருக்கும் சில எதிர்ப்பொருள்கள் வந்து ஒட்டுகின்றன. ஹீமிக்ரோமில் உள்ள இரும்பு சவ்வுக்கு மிக அருகில் வந்துவிடுவதால் அந்த இடத்தில் கொழுப்பும் வேகமாகக் காறுகிறது. ஒரு சேதம் இன்னொன்றுக்கு வழி திறக்கிறது.

ஹைன்ஸ் பாடி என்று அறிக்கையில் எழுதியிருக்கிறது. அது இதுதானா?

ஆம், உருக்குலைந்த ஹீமோகுளோபின் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் கட்டியானால் அதுதான் ஹைன்ஸ் பாடி. ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் ஹைன்ஸ் 1890-இல் விவரித்தார். வழக்கமான இரத்தப் பூச்சில் இது தெரியாது. உயிருள்ள செல்லையே கிரிஸ்டல் வயலெட் அல்லது மெத்தில் வயலெட்டில் ஊறவைத்துப் பார்க்க வேண்டும். முதல் முறை பார்க்கும் மாணவரிடம், "செல்லின் நடுவில் தேடாதே, ஓரத்தில் பார்" என்பேன். வெளிறிய வட்டத்தின் உள்விளிம்பில் ஊதா நிறத்தில் ஒரு புள்ளி, சவ்வில் ஒட்டிக்கொண்டு, சில சமயம் லேசாக வெளிப்பக்கம் புடைத்துக்கொண்டு நிற்கும். சாயம் கரைசலில் சரியாகக் கரையாமல் படிந்த துகளும் அப்படியே தோன்றும். ஃபோகஸை மெல்ல மேலும் கீழும் நகர்த்தினால், துகள் செல்லின் மட்டத்தில் இல்லாமல் தனியாகத் தெளிவடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

சேதமடைந்த செல் மண்ணீரலைக் கடக்கும்போது அங்குள்ள மேக்ரோஃபேஜ்கள் என்ற விழுங்கு செல்கள் இந்தக் கட்டியைச் சவ்வோடு சேர்த்துப் பிய்த்தெடுக்கும். கட்டி போனாலும் செல் பிழைத்து வெளியே வந்துவிடலாம். சாதாரணப் பூச்சில் ஓரம் கடித்த பிஸ்கட் போலத் தெரியும் செல்களில் பல இப்படி வந்தவை.

சேதமடைந்த செல்லை உடல் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இரண்டு சோதனைகள் இருக்கின்றன: ஒன்று உருவத்துக்கு, மற்றது அடையாளத்துக்கு.

உருவச் சோதனை மண்ணீரலில் நடக்கிறது. அங்கே இரத்தம் சிறு பிளவுகள் வழியே வடிந்து போக வேண்டும். பிளவின் அகலம் ஒரு மைக்ரான் அளவுதான், அதற்கும் குறைவாக இருக்கலாம். சிவப்பணுவின் குறுக்களவோ 7 முதல் 8 மைக்ரான். நன்றாக மடங்கத் தெரிந்த செல் நொடியில் நழுவிவிடும். விறைத்த செல் தட்டி நிற்கும். தன் வாழ்நாளில் சிவப்பணு சவ்வையும் ஹீமோகுளோபினையும் துளித்துளியாகக் குமிழ்களாக உதிர்த்து, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழக்கிறது. சேதமான பகுதிகளை அப்புறப்படுத்த இது ஒரு வழிதான். ஆனால் முன்னே சொன்ன உபரிச் சவ்வு அதோடு போய்விடுகிறது. போதாததற்கு, சேதமான சவ்வு கால்சியத்தை உள்ளே விடுகிறது. கால்சியம் ஏறினால் சவ்விலுள்ள கார்டோஸ் வாய்க்கால் என்ற வழி திறந்து பொட்டாசியம் வெளியேறும். கூடவே நீரும் போகும். வற்றிய செல்லுக்குள் ஹீமோகுளோபின் கெட்டியாகிவிடுகிறது. அதனால்தான் வயதான சிவப்பணுக்கள் இளசுகளைவிட அடர்த்தியாக இருக்கின்றன. மையவிலக்கில் சுழற்றினால் அடியில் தங்குகின்றன.

அடையாளச் சோதனையில் பல குறிகள் உண்டு. பேண்ட் 3 திட்டுகளில் ஒட்டிய எதிர்ப்பொருள்கள் ஒன்று. பாஸ்ஃபடிடைல்செரின் என்ற கொழுப்பு இன்னொன்று; இது எப்போதும் உள்ளடுக்கில் மறைந்திருக்க வேண்டியது, வெளியே வந்தால் 'என்னை விழுங்கு' என்ற அறிவிப்பு. மூன்றாவது சிடி47 என்ற சவ்வுப் புரதம். ஆரோக்கியமான செல்லில் இது 'நான் உங்கள் ஆள்தான்' என்று மேக்ரோஃபேஜை நிறுத்திவைக்கிறது. 2000-இல் இது எலிகளில் நிரூபிக்கப்பட்டது. வயதாகும்போது இந்தப் பாதுகாப்பு தளர்கிறது. இவற்றில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு 'இதுதான் காரணம்' என்று எழுதும் கட்டுரைகளை நான் நம்புவதில்லை. குறிகள் கூடிக் கூடி, ஒரு கட்டத்தில் தராசு சாய்கிறது.

இவ்வளவு தாக்குதலுக்கு நடுவில் 120 நாள் எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

தற்காப்பு அவ்வளவு வலுவானது. சூப்பராக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றும் நொதி சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ்; ஜோ மெக்கார்டும் இர்வின் ஃப்ரிடோவிச்சும் 1969-இல் இதை அடையாளம் கண்டது மாட்டின் சிவப்பணுக்களில்தான். அந்தப் பெராக்சைடை நீராக்கிவிட மூன்று பேர் இருக்கிறார்கள்: கேட்டலேஸ், குளுட்டாதயோன் பெராக்சிடேஸ், பெராக்சிரெடாக்சின் 2. மூன்றாவதன் பெயர் பலருக்குப் புதிதாக இருக்கும். ஆனால் சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபினுக்கும் கார்பானிக் அன்ஹைட்ரேஸுக்கும் அடுத்து மிக அதிகமாக இருக்கும் புரதம் அதுதான்.

இவை வேலை செய்ய எலக்ட்ரான் வேண்டும். குளுட்டாதயோன் என்ற தற்காப்பு மூலக்கூறை மறுபடி மறுபடி மீட்டுக் கொடுப்பதற்கான எலக்ட்ரான், என்ஏடிபிஎச் என்ற மூலக்கூறிலிருந்து வருகிறது. மைட்டோகாண்ட்ரியா இல்லாத சிவப்பணு அதைப் பெற நம்பியிருப்பது ஒரே பாதையை: குளுக்கோஸை உடைக்கும் பென்டோஸ் பாஸ்ஃபேட் பாதை. அதன் வாசற்கதவு ஜி6பிடி என்ற நொதி. இந்த ஒரு நொதி தளர்ந்தால் மொத்தத் தற்காப்பும் ஆட்டம் காணும்.

ஜி6பிடி குறைபாடு என்கிறார்களே, அது இதோடு தொடர்புடையதா?

நேரடியாக. ஆக்சிஜனேற்றம் சிவப்பணுச் சவ்வை என்ன செய்யும் என்பதை இயற்கையே செய்து காட்டும் நிலை இது. உலகில் சுமார் 40 கோடிப் பேருக்கு இந்தக் குறைபாடு இருக்கிறது. மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண்களிடம் அதிகம் வெளிப்படும். பெரும்பாலோர் வாழ்நாள் முழுவதும் எந்தத் தொல்லையும் இல்லாமல் இருப்பார்கள், சில மருந்துகளோ தொற்றோ குறுக்கிடும் வரை.

மலேரியா மருந்தான பிரைமாகுவினைக் கொடுத்தபோது சிலருக்கு மட்டும் சிவப்பணுக்கள் சிதைந்ததிலிருந்து இந்தக் கதை தொடங்கியது. குறை மருந்திலா, நோயாளியின் உடலிலா, செல்லிலேயேவா என்று தெரிய, பாதிக்கப்பட்டவரின் சிவப்பணுக்களுக்கு கதிரியக்க குரோமியத்தால் அடையாளமிட்டு, பாதிக்கப்படாதவருக்கு ஏற்றி, மருந்தைக் கொடுத்தார்கள். ஏற்றிய செல்கள் மட்டும் சிதைந்தன. செல்லில்தான் குறை என்று தெளிவானது. குறைபட்ட நொதி எது என்பது 1956-இல் தெரியவந்தது.

பிரைமாகுவின், டாப்சோன், ரஸ்பூரிகேஸ், மெத்திலீன் புளூ ஆகிய மருந்துகளும், பாச்சை உருண்டையிலுள்ள நாப்தலீன், ஃபேவா பீன்ஸ் என்ற அவரை வகை ஆகியவையும் இவர்களுக்கு ஆபத்தானவை. மெத்திலீன் புளூவைத் தனியாகச் சொல்ல வேண்டும். மெத்ஹீமோகுளோபின் ஏறியவர்களுக்கு அதுவே மருந்து. ஆனால் அது வேலை செய்ய என்ஏடிபிஎச் தேவை; ஜி6பிடி குறைந்தவரிடம் அது போதிய அளவு இல்லாததால், மருந்து பலிக்காமல் போவதோடு சிதைவையும் கூட்டும்.

அப்படிச் சிதைவு வந்தபோது எடுத்த பரிசோதனையில் ஜி6பிடி இயல்பாக இருந்தது. அப்படியென்றால் குறைபாடு இல்லை என்று வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ளக் கூடாது. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

இந்த நொதியின் அளவு ஒவ்வொரு செல்லிலும் நாளாக நாளாகக் குறையும். இயல்பான நொதியின் அரை ஆயுள் சுமார் 62 நாள். ஆப்பிரிக்க வழியினரிடம் அதிகம் காணப்படும் 'ஏ மைனஸ்' வகையில் அது 13 நாள்தான். ஆகவே அந்த வகைக் குறைபாட்டில் மருந்து தாக்கும்போது முதலில் சிதைவது வயதான செல்கள். அவை போன பிறகு மிஞ்சுவது இளம் செல்களும், மஜ்ஜை அவசர அவசரமாக அனுப்பும் புத்தம்புதுச் செல்களும். அவற்றில் நொதி தாராளமாக இருக்கும். அந்த நேரத்தில் அளந்தால் அறிக்கை 'இயல்பு' என்றே வரும்.

ஒரு தந்தை அப்படி ஒரு அறிக்கையோடு வந்தார். மகனுக்குச் சிறுநீர் கறுத்துப் போய், கண் மஞ்சளாகி, தேறிவந்த நேரம். "ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டதே, அதே மாத்திரையை மறுபடி கொடுக்கலாம்தானே?" என்று கேட்டார். அறிக்கையில் பக்கத்திலேயே இருந்த ரெட்டிகுலோசைட் (புதிதாகப் பிறந்த சிவப்பணு) எண்ணிக்கையைக் காட்டி, இரத்தம் முழுக்க இப்போது பிறந்த செல்கள்தான் என்று விளக்கி, மருத்துவரிடம் திருப்பி அனுப்பினேன். மூன்று மாதம் கழித்து எடுத்தபோது குறைபாடு தெளிவாகத் தெரிந்தது. சிதைவு நின்ற பிறகு சுமார் மூன்று மாதம் இடைவெளி விட்டுத் திரும்ப அளப்பதே சரி. அதுவரை குறைபாடு இருப்பதாகவே எண்ணி மருந்துகளில் கவனமாக இருக்க வேண்டும்.

வயதானவரின் சிவப்பணுக்களும் வயதானவையா?

இல்லை. எண்பது வயதுக்காரரின் உடலிலும் எந்தச் சிவப்பணுவும் நான்கு மாதத்தைப் பெரிதாகத் தாண்டியதில்லை. ஆரோக்கியமான முதியவரின் சிவப்பணு ஆயுளும் இளையவருடையதைவிடப் பெரிய அளவில் குறைவதில்லை. மாறுவது அவற்றைப் பெற்றெடுக்கும் மஜ்ஜையும் அவை நீந்தும் சூழலும். மஜ்ஜையின் ஸ்டெம் செல்கள் வயதாகின்றன. நெருக்கடியில் உற்பத்தியைக் கூட்டும் திறன் குறைகிறது. நாள்பட்ட அழற்சி, சிறுநீரகத் தளர்ச்சி, நீரிழிவு ஆகியவை சேர்ந்தால் செல்கள் சந்திக்கும் ஆக்சிஜனேற்ற அழுத்தமும் கூடுகிறது.

அறிக்கையில் ஆர்டிடபிள்யூ என்று ஒரு எண் இருக்கும். சிவப்பணுக்களின் அளவு ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகிறது என்பதன் அளவு அது. வயதோடு மெல்ல ஏறும். அது அதிகமாக உள்ளவர்களிடம் மரண விகிதமும் அதிகம் என்று பல பெரிய ஆய்வுகள் காட்டியுள்ளன. அதற்காக அந்த எண்ணைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். இரும்புச்சத்துக் குறைவிலும் அது ஏறும், சரிசெய்தால் இறங்கிவிடும்.

வயதானால் இரத்தசோகை வருவது இயற்கைதானே?

இல்லை, அப்படி விட்டுவிடக் கூடாது. அமெரிக்காவில் 65 வயதைக் கடந்தவர்களில் நடந்த ஆய்வு 2004-இல் வெளியானது. ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இரத்தசோகை இருந்தது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குக் காரணம் இரும்பு, பி12, ஃபோலேட் குறைவு. சரிசெய்யக் கூடியது. இன்னொரு பங்கினருக்குச் சிறுநீரகமோ நாள்பட்ட நோயோ காரணம். தேடினால் கிடைக்கும் காரணத்தைத் தேடாமல் 'வயசாயிடுச்சு' என்று சொல்லி அனுப்புவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஆக்சிஜனேற்றம்தான் பிரச்சினை என்றால் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை சாப்பிட்டால் போதுமே?

கேள்வி நியாயமானது. ஃப்ரீ ராடிக்கல்களே மூப்புக்குக் காரணம் என்ற கருத்தை டென்ஹாம் ஹார்மன் 1956-இல் முன்வைத்தார். அதைத் தொடர்ந்து மாத்திரைகள் பெருகின. சோதித்துப் பார்த்தபோது வந்த முடிவுகள் வேறு. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த சோதனையின் முடிவு 1994-இல் வெளியானது. பீட்டா கரோட்டின் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. செலெக்ட் என்ற சோதனையில் தினம் 400 யூனிட் வைட்டமின் ஈ எடுத்த ஆண்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியதாக 2011-இல் அறிவித்தார்கள்.

ஏன் இப்படி? பெராக்சைடு போன்றவற்றை உடல் சிறிய அளவில் தகவலாகவும் பயன்படுத்துகிறது. கிருமிகளைக் கொல்லவும் பயன்படுத்துகிறது. எல்லாவற்றையும் அணைப்பது நல்லதில்லை. சிவப்பணுவைப் பொறுத்தவரை காரணம் இன்னும் எளிது. அதன் தற்காப்பின் பெரும்பகுதி நொதிகள். நொதியை மாத்திரையாக விழுங்கிச் செல்லுக்குள் சேர்க்க முடியாது. வைட்டமின் ஈ உண்மையாகவே குறைந்தவருக்கு அதைக் கொடுப்பது வேறு. அது மருத்துவம், பலனும் தரும்.

அப்படியானால் நான் செய்யக்கூடியது என்ன?

புகையை விடுவது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது. இரும்பு மாத்திரையைக் குறைவு இருப்பது உறுதியானால் மட்டும், சொன்ன அளவில் எடுப்பது. தேவையற்ற இரும்பு ஆக்சிஜனேற்றத்துக்கு எரிபொருள். ஜி6பிடி குறைபாடு இருந்தால் எந்த மருந்துக்கு முன்பும் அதைச் சொல்வது.

இரத்தப் பையில் இருக்கும் சிவப்பணுக்களும் மூப்படைகின்றனவா?

மூப்படைகின்றன. 2 முதல் 6 டிகிரி செல்சியஸில், ஊட்டக் கரைசலோடு 42 நாள் வரை வைக்கிறோம். குளிர் வேதிவினைகளை மெதுவாக்குகிறது, நிறுத்துவதில்லை. முதல் வாரத்துப் பையிலிருந்து ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் வழவழப்பான தட்டுகள். கடைசி வாரத்தில் பார்த்தால் பல செல்களின் ஓரமெங்கும் முள்முள்ளாக எழும்பியிருக்கும். முள்ளின் நுனியிலிருந்து குமிழ்கள் உதிர்ந்திருக்கும். பேண்ட் 3 கொத்தாவதும் கொழுப்பு காறுவதும் இங்கேயும் நடக்கின்றன. ஏற்றிய 24 மணி நேரத்துக்குப் பிறகு குறைந்தது 75 சதவீதச் செல்கள் ஓட்டத்தில் இருக்க வேண்டும் என்பதை வைத்தே சேமிப்புக் காலம் வகுக்கப்பட்டது.

புதிய இரத்தம்தான் வேண்டும் என்று உறவினர்கள் மன்றாடுவதைப் பார்த்திருக்கிறேன். 2015, 2016-இல் வெளியான பெரிய சோதனைகளில், புதிய இரத்தம் பெற்றவர்களுக்கும் வழக்கமான இருப்பிலிருந்து பெற்றவர்களுக்கும் இறப்பு விகிதத்தில் வேறுபாடு இல்லை. காலாவதி ஆகாத, பொருத்தம் பார்த்த பை என்றால் தயங்காமல் ஏற்றிக்கொள்ளலாம்.

சிவப்பணு ஆயுள் குறைந்தால், நீரிழிவுக்குப் பார்க்கும் எச்பிஏ1சி அளவு மாறுமா?

மாறும். குளுக்கோஸ் ஹீமோகுளோபினில் நாள்போக்கில் ஒட்டுவதைத்தான் அந்தப் பரிசோதனை அளக்கிறது. செல்கள் சீக்கிரமே சிதைந்து புதியவை வந்துகொண்டிருந்தால் ஒட்ட நேரம் கிடைக்காது. சர்க்கரை அதிகமாக இருந்தும் எண் குறைவாகக் காட்டும். சிதைவு நோய் உள்ளவர்கள் இந்த ஒரு எண்ணை மட்டும் நம்ப வேண்டாம்.

விழுங்கப்பட்ட சிவப்பணு என்ன ஆகிறது?

ஒவ்வொரு நொடியும் 20 லட்சத்துக்கு மேற்பட்ட சிவப்பணுக்கள் இப்படி விழுங்கப்படுகின்றன, அதே அளவு புதிதாகப் பிறக்கின்றன. மேக்ரோஃபேஜுக்குள் புரதம் அமினோ அமிலங்களாகப் பிரியும். ஹீம் வளையம் உடைந்து முதலில் பச்சை நிற பிலிவெர்டினாகவும் பிறகு மஞ்சள் நிற பிலிருபினாகவும் ஆகி, கல்லீரல் வழியே பித்தத்தில் சேரும். அடிபட்ட இடத்தில் கன்றிய தோல் நாளுக்கு நாள் நிறம் மாறி, பச்சையோடி, மஞ்சளாகி மறைவதும் இதே வரிசைதான். பிரிந்த இரும்பு, நாளொன்றுக்கு 20 முதல் 25 மில்லிகிராம், டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்தில் ஏறி மஜ்ஜைக்குத் திரும்புகிறது. உணவிலிருந்து நாம் உறிஞ்சுவது நாளுக்கு 1 முதல் 2 மில்லிகிராம்தான். ஆகவே இன்று மஜ்ஜையில் உருவாகும் செல்களின் இரும்பில் மிகப் பெரும்பகுதி, அண்மையில் நீக்கப்பட்ட செல்களிடமிருந்து வந்தது.